கற்கள் என்று எழுதிய பெட்டிகள்: கடத்தப்படும் ஆமைகளை மீட்கும் பணி



லகாட்டிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வளர்ந்தவர்களுக்கு ஆமை அயலான உயிரன்று. ஈயம் தோண்டியபின் நீர் நிறைந்து கிடக்கும் குட்டைகளின் கரையிலும், பால்மரத் தோட்டங்களினூடே ஓடிய ஓடைகளிலும் அதனைக் கண்டவர் பலர். ஈப்போவின் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுக்குள் அமைந்த சாம் போ தோங் குகைக் கோயிலுக்குச் சென்று, பின்புறத்துக் குளத்திலுள்ள ஆமைகளுக்குக் கீரை ஊட்டி மகிழ்ந்த சிறுபருவ நினைவும் நம்மிற் பலர்க்கு உண்டு. இவ்வளவு பழகிய உயிரைப் பற்றித் தனியே ஓர் உரை வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் காரணமாகக் காட்டுகிறேன்.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் மலேசியச் சுங்கத்துறையினர் ஐந்து பெட்டிகளைப் பிரித்தனர். மடகாஸ்கர் தீவின் தலைநகரான அந்தானானரிவோவிலிருந்து வந்த பெட்டிகள் அவை. உள்ளே இருப்பவை ‘கற்கள்’ என்று ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. பிரித்தபோது இருந்தவை 330 உயிருள்ள ஆமைகள். அவற்றுள் 325 கதிராமைகள். ஐந்து கலப்பை ஆமைகள். ஏறத்தாழ 12 லட்சம் ரிங்கிட் மதிப்புடையவை என்று அதிகாரிகள் கணித்தனர். உலகிலேயே மிக அரிய நில ஆமைகளுள் ஒன்றான கலப்பை ஆமை, மடகாஸ்கரின் வடமேற்கில் பாலி விரிகுடாவைச் சூழ்ந்த ஒரு சிறு நிலப்பகுதியில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அங்கிருந்து ஐந்தை எடுப்பதென்பது, எஞ்சிய மிகச் சிலவற்றிலிருந்து ஐந்தை எடுப்பதாகும்.

உயிருக்குக் ‘கல்’ என்று பெயரிட்டால்தான் அதனை எல்லை கடத்த முடிகிறது. ஆகவே, பொய்ப்பெயரில் தொடங்கும் கடத்தலை முறியடிக்கும் மீட்பு, மெய்ப்பெயரை அறிவதில் தொடங்க வேண்டியுள்ளது. ஆனால் அது தொடக்கமே. பெட்டியைப் பிரித்த அன்றே ஆமை காப்பாற்றப்பட்டுவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் கடினமான பணி அன்றுதான் தொடங்குகிறது; பல ஆண்டுகள் நீள்கிறது; பலவேளை தோற்றும் போகிறது. இதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயரும் இனமும்

மலாய்மொழியில் இவ்வுயிர்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஓடு கடினமான பொதுவகை ஆமை ‘கூரா-கூரா’. மென்மையான ஓடுடையது ‘லாபி-லாபி’. ஆற்றில் வாழும் பேராமை ‘துந்தோங்’. கடலில் வாழ்வது ‘பென்யு’. காட்டில் வாழும் பெரிய நில ஆமை ‘பானிங்’. தமிழில் சங்கப் பாடல்களில் ‘யாமை’ என்று வழங்கிய சொல்லே இன்று ‘ஆமை’ என நிற்கிறது. நீரிலும் நிலத்திலும் வாழும் அனைத்தையும் அவ்வொரு சொல்லே தாங்குகிறது. அடைமொழி சேர்த்து வேறுபடுத்துகிறோம். தமிழக மீனவர்கள் கடலாமைகளைப் பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை எனப் பிரித்தறிந்தனர். நில ஆமைகளுக்கு அத்தகைய நுண்ணிய பெயர் வழக்கு நம்மிடையே பரவவில்லை. அதனால் கடைத்தொட்டியில் இருக்கும் ஆமை எந்நாட்டது, எவ்வினத்தது என்ற வினா நம் மனத்தில் எழுவதில்லை.

சட்டத்தின் முன்னே இந்த வினாவுக்குப் பெரும் பொருள் உண்டு. மேலே சொன்ன கதிராமைக்கும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமைக்கும் தோற்றத்தில் மிகுந்த ஒப்புமை உண்டு. இரண்டின் கரிய ஓட்டிலும் மஞ்சள் கதிர்கள் விரிந்திருக்கும். கழுத்துக்கு நேர்மேலே, ஓட்டின் முன்விளிம்பில் ஒரு சிறு தகடு கதிராமைக்கு உண்டு. நட்சத்திர ஆமைக்கு இல்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதற்பட்டியலில் உள்ள இனங்களைக் காட்டிலிருந்து பிடித்து வணிகம் செய்யவே இயலாது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை உரிய அனுமதியுடன் விற்கலாம். கதிராமை நெடுங்காலமாக முதற்பட்டியலில் உள்ளது. நட்சத்திர ஆமையோ இரண்டாம் பட்டியலில் இருந்து, 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில்தான் முதற்பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. ஒரு சிறு தகட்டைக் கவனியாத கண், ஓர் உயிரின் நாட்டையும் அதற்குரிய காப்பையும் மாற்றிவிடக்கூடும்.

பால்மரம் தரும் பாடம்

எலியும் முயலும் பிடிபட்டால் அவற்றின் இனம் சில மாதங்களில் அவ்விழப்பை ஈடுசெய்துகொள்கிறது. ஆமையினத்துக்கு அது இயலாது. கதிராமை இனப்பெருக்கத்துக்குரிய பருவத்தை எய்த 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இடும் முட்டைகள் மிகச் சில. அவை பொரிய மாதக்கணக்கில் ஆகும். பொரிந்த குஞ்சுகளுள் பெரும்பாலானவை பறவைக்கும் விலங்குக்கும் இரையாகும். இத்தனை இழப்பையும் ஆமை ஒரே வழியில் ஈடுசெய்கிறது: வளர்ந்த ஆமை நெடுங்காலம் வாழ்ந்து, ஆண்டுதோறும் முட்டையிடுகிறது. ஆகவே வளர்ந்த பெண் ஆமை ஒன்றைக் காட்டிலிருந்து எடுத்தால், அது இனி இடவிருந்த பல பத்தாண்டுகளின் முட்டைகளையும் சேர்த்தே எடுத்தவராவோம்.

பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் எளிது. பட்டை மீண்டும் வளரும் அளவறிந்து சீவினால் ஒரு மரம் இருபது, முப்பது ஆண்டுகள் பால் கொடுக்கும். கத்தி மரத்தின் உள்ளே இறங்கிக் காயப்படுத்தினால் அவ்விடத்துப் பட்டை முண்டு முண்டாகிப் பயன்படாமற் போகும். இயற்கையிலிருந்து எதனை, எவ்வளவு எடுக்கலாம் என்பது அது மீண்டும் வளரும் வேகத்தைப் பொறுத்தது. இவ்வுண்மையைத் தோட்டத் தொழிலாளி தம் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். ஆமை வணிகமோ பட்டையைச் சீவும் தொழிலாக இல்லாமல், மரத்தையே வெட்டிச் சாய்க்கும் தொழிலாக நடக்கிறது. உலகில் இன்றுள்ள ஏறத்தாழ 360 ஆமையினங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை அழிவின் விளிம்பை நோக்கி நகர்ந்திருப்பதற்கு, வாழிட அழிவோடு இதுவும் தலையாய காரணம்.

நாம் செல்லும் வழியே ஆமையும் செல்கிறது

கடத்தல் எங்கோ தொலைவில், அறியாத மனிதர்களிடையே நடப்பது என்று எண்ணவேண்டா. அது நாம் உறவினரைக் காணச் செல்லும் அதே விமானங்களில் நடக்கிறது.

நட்சத்திர ஆமைகள் தமிழகம், ஆந்திரம், கர்நாடகம் ஆகியவற்றின் புதர்க்காடுகளிலும் வயலோரங்களிலும் வாழ்பவை. இந்தியாவின் ஒரே ஒரு திரட்டு மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. பிடிப்போர் பெரும்பாலும் ஏழைச் சிற்றூர் மக்கள். அவர்கள் பெறும் தொகை மிகச் சிறிது. கைமாறும்தோறும் விலை ஏறி, வெளிநாட்டு நகரத்தை எய்தும்போது பன்மடங்காகிறது. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் செல்லும் வழிகள் இவ்வணிகத்தின் பழைய வழிகள். 2021இல் சென்னைச் சுங்கத்துறையினர், தாய்லாந்துக்குச் செல்லவிருந்த சரக்கொன்றில் 2,247 நட்சத்திர ஆமைகளைக் கைப்பற்றினர். அப்பெட்டிகளில் எழுதியிருந்த பெயர் ‘உயிர் நண்டு’.

எதிர்த்திசையிலும் இவ்வணிகம் நடக்கிறது. 2023இல் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்திறங்கிய பயணிகளின் பெட்டிகளில் 6,850 சிவப்புக்காது ஆமைக் குஞ்சுகள் கண்டெடுக்கப்பட்டன. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம் அழிவுறும் இனமன்று. ஆயினும் சென்ற நாடுகளிலெல்லாம் நீர்நிலைகளில் விடப்பட்டுப் பெருகி, அந்நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிப்பதால், உலகின் மிகத் தீய ஊடுருவு இனங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது.

பயணத்தின்போது ஆமையின் கால்கள் அசையாதவாறு ஒட்டுநாடா சுற்றப்படுகிறது. துணியிலோ காலுறையிலோ பொதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிறது. உணவின்றி நெடுநாள் தாங்கும் ஆற்றல் ஆமைக்கு உண்டு. அந்த ஆற்றலே அதற்குப் பகையாயிற்று. வேறோர் உயிராயின் வழியிலேயே இறந்து, வணிகருக்கு நட்டம் விளைத்திருக்கும். ஆமை இறக்காமல் துன்புற்றபடியே வந்து சேர்கிறது.

பெட்டியைப் பிரித்த பின்னர்

கைப்பற்றிய அன்று அதிகாரிகளின்முன் நூற்றுக்கணக்கான ஆமைகள் இருக்கும். முதலில் உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் பிரித்தெண்ணி, இனமறிந்து, படமெடுத்துப் பதிவுசெய்தல் வேண்டும். வழக்கு மன்றத்தில் அவை சான்றுப்பொருள்கள். வழக்கு முடியும்வரை அவற்றின் இருப்புக்கு அரசு பொறுப்பு.

அடுத்தது நீரூட்டல். உடல் வற்றிய ஆமைக்கு உடனே வயிறார உணவிடுதல் தீங்காகும். வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் அமர்த்தி, மெல்ல நீர் பருகச் செய்தபின்னரே உணவைத் தொடங்குவர். நெடுநாள் வெயிலும் சுண்ணச்சத்தும் இன்றி வளர்க்கப்பட்டவற்றின் ஓடு மென்மையுற்றும் கூம்புகூம்பாகப் புடைத்தும் இருக்கும். அக்குறை முழுவதும் நீங்குவதில்லை. ஆமையின் ஓடு முதுகெலும்பும் விலாவெலும்பும் இணைந்து உருவான உடலுறுப்பு. கழற்றி மாற்றத்தக்க கூடன்று.

மூன்றாவது, நோய்த்தடைக் காப்பு. கடத்தற்பெட்டிக்குள் பல நாட்டு ஆமைகள் நெருக்கமாகக் கிடந்ததால், ஒன்றின் மூச்சுநோய் மற்றொன்றுக்குத் தொற்றியிருக்கலாம். நலமாகத் தோன்றும் ஆமையும் தொற்றைச் சுமக்கலாம். இரக்கத்தால் அதனை அருகிலுள்ள காட்டில் விட்டுவிட்டால், அக்காட்டில் நெடுங்காலமாக நலமுடன் வாழும் ஆமைகளுக்கு நோயைக் கொண்டுசேர்த்தவராவோம்.

நான்காவது, ஊர் அறிதல். மீட்கப்பட்ட நட்சத்திர ஆமை குஜராத்தைச் சேர்ந்ததா, தமிழகத்தைச் சேர்ந்ததா, இலங்கையைச் சேர்ந்ததா என்று கண்ணால் காண்பவர் கூறுதல் அரிது. ஒரே இனமாயினும் இவை மரபுவழியால் வேறுபட்டவை. கலந்துவிட்டால் அவ்வவ்விடத்துக்கேற்ப அமைந்த தன்மைகள் குலையும். ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மைய ஆய்வாளர்கள், மரபணுச் சான்றைக் கொண்டு நட்சத்திர ஆமைக் கூட்டங்களைப் பிரித்தறியும் வழியைக் காட்டியுள்ளனர்.

இறுதியாகத் திரும்பி அனுப்புதல். இரு நாட்டு அரசுகளும் இசைய வேண்டும். ‘சைட்டிஸ்’ அனுமதி வேண்டும். விமானச் செலவுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சேருமிடத்தில் மீண்டும் நோய்த்தடைக் காப்பு வேண்டும். கடத்தல்காரர் ஓரிரவில் செய்ததைத் திருத்த, நேர்மையாளர்க்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கைகூடிய முயற்சிகள்

இத்தனை இடர்களையும் கடந்து வீடு சேர்ந்த ஆமைகள் உண்டு. 2018 நவம்பரில், சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. சிங்கப்பூரின் ‘ஏக்கர்ஸ்’ என்னும் விலங்குநல அமைப்பும் இந்தியாவின் ‘வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்’ அமைப்பும் கர்நாடக வனத்துறையும் இணைந்து இப்பணியைச் செய்தன. தாயகத்தில் வேலியிட்ட நிலத்தில் சிலகாலம் பழகி, இயற்கை உணவைத் தேடப் பயின்றபின் காட்டுக்குச் செல்லும் முறை இத்தகைய மீட்புகளில் பின்பற்றப்படுகிறது.

மடகாஸ்கரில் நடந்தது இதனினும் பெரிது. 2018 ஏப்ரலில் தொலியாரா நகரில் ஒரே வீட்டுக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் கதிராமைகள் அடைபட்டுக் கிடக்கக் காணப்பட்டன. நூற்றுக்கணக்கானவை மீட்டபின்னரும் இறந்தன. எஞ்சியவற்றைப் பேண உலகின் பல பகுதிகளிலிருந்து விலங்கு மருத்துவர்கள் சென்றனர். 2024இல் தாய்லாந்தில் பிடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடகாஸ்கர் உயிர்களுள், பிழைத்திருந்த ஏறக்குறைய 960 ஆமைகளும் லெமூர்களும் அவ்வாண்டின் இறுதியில் தாய்நாடு திரும்பின. கலப்பை ஆமையைக் காப்போர் வேறொரு வழியையும் கையாண்டனர்: ஓட்டின்மேல் அடையாள எண்ணை ஆழமாகப் பொறித்தனர். அழகு குலைந்த ஆமையைச் சேகரிப்போர் விரும்பார் என்பது கணக்கு. ஓர் உயிரைக் காக்க அதன் அழகைக் கெடுக்க வேண்டியதாயிற்று என்பது நம் காலத்தின் நிலையைக் காட்டுகிறது.

நம் பேராக் மாநிலத்திலும் ஒரு சான்று உண்டு. லகாட்டிலிருந்து பூசிங், சிப்பூத்தே, பாரிட் வழியே மேற்கே சென்றால் பேராக் ஆற்றங்கரையில் போத்தா கானான் என்னும் ஊர் வரும். அங்கே 1960களின் இறுதியிலிருந்து துந்தோங் என்னும் ஆற்றாமைக்கான காப்புப்பணி நடந்துவருகிறது. இன்று அதனை நடத்துவது ‘பெர்ஹிலித்தான்’ எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. மணற்றிட்டில் முட்டையிட்டு மூடியபின், பெண் ஆமை தன் உடலை உயர்த்தி உயர்த்தி மணலில் மோதி இறுக்குகிறது. அவ்வோசையே ‘துந்தோங்’ என்னும் பெயருக்கு மூலம் என்பர். முட்டைகளை மனிதர் மிகுதியாக எடுத்ததாலும், ஆற்றுமணல் வாரப்பட்டதாலும், இன்று இவ்வினம் அழிவின் மிக நெருங்கிய எல்லையில் உள்ளது. முட்டைகளைப் பாதுகாப்பாகப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சிலகாலம் வளர்த்து ஆற்றில் விடுகின்றனர். அரைநூற்றாண்டுக்கு மேலாகியும் பணி முடிந்தபாடில்லை. ஆமையின் வாழ்வுக்கேற்ற பொறுமை அதனைக் காப்பவர்க்கும் வேண்டும் என்பதே போத்தா கானான் நமக்குச் சொல்லும் செய்தி.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

மீட்புக்கு இத்தனை காலமும் பொருளும் வேண்டுமெனில், மிக எளிய மீட்பு ஆமையை அதன் இடத்திலிருந்து எடுக்காதிருத்தலே. அது வாங்குவோர் கையில் உள்ளது.

முதலாவது, அயல்நாட்டு நில ஆமையை அழகுக்காகவோ நற்பேறு தருமென்றோ வாங்காதிருத்தல். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட உயிரை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். 2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கடுங்குற்றங்களுக்கான உச்சத் தண்டனையைப் பத்து லட்சம் ரிங்கிட், 15 ஆண்டுச் சிறை என உயர்த்தியுள்ளது. விற்பவர் காட்டும் தாளில் ஆமையின் இனப்பெயரும் உரிம விவரமும் இல்லையெனில், அத்தாள் ‘கற்கள்’ என்று எழுதிய பெட்டிக்கு நிகரானதே.

இரண்டாவது, இரக்கத்தால் விலைக்கு வாங்கி விடுவிக்காதிருத்தல். தொட்டியில் துன்புறும் ஆமையைக் கண்டு மனமிளகி வாங்குபவர், அத்தொட்டியில் அடுத்த ஆமை வந்து சேர்வதற்கான பணத்தையே வணிகருக்குத் தருகிறார். அவ்வாமையை ஈயக்குட்டையிலோ கோயிற்குளத்திலோ விடுவது புண்ணியமென்று கருதுவோரும் உளர். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. குளத்தில் விட்டால் மூழ்கி இறக்கும். அயல்நாட்டு நீராமையோ நம் குளத்து ஆமையை வெல்லும். இரண்டிலும் ஓர் உயிர் கெடுகிறது.

மூன்றாவது, ஏற்கெனவே அறியாது வாங்கியவர் அதனை மறைக்கவும் வேண்டா, ஓடையில் விடவும் வேண்டா. பெர்ஹிலித்தான் அலுவலகத்தை அணுகி ஒப்படைப்பதே முறை. விற்பனை நடக்கக் கண்டவரும் அங்கே தெரிவிக்கலாம். ஊருக்குச் செல்லும்போது பிறர் தரும் பொதியை உள்ளே பாராமல் பெட்டியில் வைக்கவும் கூடாது.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று நம் முன்னோர் சொன்னதுண்டு. அதனை மூடநம்பிக்கை என்று தள்ளுவோரும், கல்லாமை, இயலாமை, பொறாமை என்னும் ‘ஆமை’களையே அது குறித்தது என்று மேடையில் விளக்குவோரும் உளர். மடகாஸ்கரின் தென்பகுதியில் வாழும் அந்தாந்துரோய் மக்களுக்குக் கதிராமையைத் தொடுவதும் உண்பதும் விலக்கு. ‘ஃபாடி’ என்னும் அவ்விலக்கே அவர்கள் நிலத்தில் நெடுங்காலம் ஆமையைக் காத்தது. அவ்விலக்கை மதியாத வெளியார் வந்தபின்னரே ஆமை குறைந்தது. நம் பழமொழியும் அதன் தொடக்கம் எதுவாயினும் ஒரு நன்மையைச் செய்தது: ஆமையை வீட்டுக்குள் கொண்டுவராமல் தடுத்தது. இன்று அதே ஆமையை நற்பேறு என்று விலைகொடுத்து வாங்கி வருகிறோம். ஆமைக்கு வீடு அதன் காடே. நம் வீட்டுக்குள் புகவே கூடாத ஆமை அறியாமை.

அந்த ஐந்து பெட்டிகளும் பல ஆயிரம் கல் தொலைவைக் கடந்து வந்தன. இடையில் எத்தனையோ பேர் அவற்றைத் தூக்கியிருப்பர். ‘கற்கள்’ என்ற சொல்லைப் படித்து நம்பியிருப்பர். ஒருவர் ஐயுற்றுப் பிரித்ததால் 330 உயிர்கள் வெளிச்சத்தைக் கண்டன. எழுதியிருக்கும் பெயரை அப்படியே ஏற்காமல், உள்ளே இருப்பது யாது என்று வினவும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கும் வாய்க்குமானால், சுங்கத்துறை பிரிக்க வேண்டிய பெட்டிகள் குறையும்.